கோட்டையை இடிச்ச ஏற்றமும் ஒரு வளைஞ்ச கம்பியும்

ஏற்றத்தையும் கவணையும் ஒண்ணா முடிச்சுப் போட்டா என்ன வரும்? கோட்டையை இடிக்கிற யந்திரம் வரும். பேரு ட்ரெபுஷே. பிரெஞ்சுப் பேரு, வாயில நுழையலைன்னா கல்லெறி பொறின்னு வெச்சுக்குங்க. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம் விளையாடி ராத்தூக்கம் கெட்ட மக்களுக்கு அறிமுகமே தேவையில்லை. எதிரி கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, பிரிச்சு, விட்டுட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டு இருப்போமே, அதேதான் :)

எங்க அக்கா பதினொண்ணாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கறாங்க. நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் நடத்தும்போது வகுப்புல காட்ட ஒரு மாடல் வேணும்னு கேட்டாங்க. ட்ரெபுஷே கிட் ஒண்ணு வாங்கினோம். லேசர்ல வெட்டின ப்ளைவுட் துண்டுங்க, உருளைக் குச்சிங்க, நூல், உள்ளங்கை அளவு துணிப்பை, ஒரு சின்னக் கம்பி. எடைப்பெட்டிக்குள்ள போட வேண்டிய நட்டு போல்டெல்லாம் நம்ம பொறுப்பு. ஒரு ஞாயித்துக்கிழமையும் அரை டப்பா ஃபெவிகாலும் செலவு. பொறி ரெடி.

வேலை செய்யற விதம் ரொம்ப சிம்பிள். அச்சுல மாட்டின ஒரு நீளக் கட்டை. அச்சுக்கு ஒரு பக்கம் கட்டையோட நீளம் கம்மி, அங்க கனமான பெட்டி தொங்கும். இன்னொரு பக்கம் நாலு மடங்கு நீளம், அதோட நுனியில கவண். கவணோட ஒரு கயிறு கட்டையில நிரந்தரமா கட்டியிருக்கும். இன்னொரு கயிறோட முனையில ஒரு வளையம், அதை நுனியில நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பியில சும்மா மாட்டி வைக்கணும். பெட்டி கீழ விழும், கட்டை சுத்தும், கவண் அதைவிட வேகமா சுத்தும். சரியான நேரத்துல வளையம் கம்பியை விட்டு நழுவும். கல்லு பறக்கும். அவ்வளவுதான்.

கணக்கும் சுலபம். எங்க பெட்டி ஒன்றரை கிலோ, விழற தூரம் 20 செ.மீ. கிட்டத்தட்ட 3 ஜூல் ஆற்றல். எறியற களிமண் உருண்டை 15 கிராம். அந்த 3 ஜூலும் அப்படியே உருண்டைக்குப் போயிருந்தா நொடிக்கு 20 மீட்டர் வேகத்துல கிளம்பி 40 மீட்டர் தள்ளி விழணும். பள்ளிக்கூட வராண்டாவுல எங்களுக்குக் கிடைச்சது 16 மீட்டர். மிச்சம் எங்க போச்சு? கட்டை சுத்தறதுல கொஞ்சம், பெட்டி ஊஞ்சலாடறதுல கொஞ்சம், அச்சு உரசறதுல கொஞ்சம். இதை வெச்சு ரெண்டு பீரியடு தாராளமா ஓட்டலாம்.

ஆனா இந்தக் கணக்குல எங்கயும் வராத ஒரு சமாச்சாரம் இருக்கு. அந்தச் சின்னக் கம்பி. அதை நேரா விட்டா வளையம் சீக்கிரமே நழுவிடும், உருண்டை கூரைக்குப் போகும். ரொம்ப வளைச்சா வளையம் கடைசி வரைக்கும் விடாது, உருண்டை காலடியில தரையில அறையும். ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் டிகிரி மட்டும்தான் உருப்படியான இடம். கிட்டோட வந்த தாள்ல "இவ்வளவு வளைக்கவும்"னு படம் போட்டுக் குடுத்துட்டாங்க. நாமளும் வளைச்சுட்டோம். முதல் எறியே பறந்துச்சு.

இந்தப் படம் கையில இல்லாத ஆளு இதை எப்படிக் கண்டுபிடிச்சிருப்பான்? இந்தக் கேள்விதான் என்னை ஒரு மாசமா படிக்க வெச்சுது.

*

கதை சீனாவுல ஆரம்பிக்குது. கி.மு. காலத்து மோசிய நூல்களிலேயே இந்தப் பொறி வருது. ஆனா அதுல எடைப்பெட்டி கிடையாது. குட்டைப் பக்கத்துல கயிறுகளைத் தொங்கவிட்டு, ஆட்கள் கூட்டமா நின்னு ஒரே நேரத்துல சடார்னு இழுப்பாங்க. நம்மூர் ஏற்றத்துல ஆள் மேல ஏறி மிதிச்சு இறக்கறதும், கட்டையோட அடிப்பக்கத்துல கல்லைக் கட்டிவிட்டு துலாவுல தண்ணி எடுக்கறதும் ஞாபகம் இருக்கா? அதே வித்தியாசம்தான். முதல் தலைமுறைப் பொறிகள் எல்லாம் ஆள் இழுக்கிற வகை. 1044-ல தொகுத்த 'வுஜிங் சோங்யாவ்'ங்கற சீனப் போர்க்கலை நூல்ல இதுல பல மாடல் இருக்கு. சின்னதுக்கு 40 பேர். ஏழு கழிகளைச் சேர்த்துக் கட்டின பெருசுக்கு 250 பேர்!

250 பேர் ஒரே நொடியில ஒரே பலத்தோட இழுக்கணும். முடியற காரியமா? நாலு பேர் சேர்ந்து ஒரு பீரோவைத் தூக்கினாலே ஒருத்தன் முன்னால தூக்குவான், ஒருத்தன் "இருங்கடா"ம்பான். அதனால ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு இடத்துல விழும்.

இந்த இழுவைப் பொறி மெல்ல மேற்கே நகர்ந்துச்சு. ஆறாம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள கிரேக்க நாட்டுத் தெசலோனிக்காவை முற்றுகை போட்ட அவார்களும் ஸ்லாவியர்களும் இதை வெச்சிருந்தாங்க. அந்த ஊர் பேராயர் ஜான் நேர்ல பார்த்து எழுதி வெச்சிருக்கார். அப்புறம் பைசாந்தியர்கள், அரேபியர்கள், ஐரோப்பியர்கள்னு எல்லார் கையிலயும் போச்சு.

எடைப்பெட்டி வந்தது 12-ஆம் நூற்றாண்டுல, மத்தியதரைக் கடலைச் சுத்தி இருக்கிற நாடுகள்ல. முதல்ல யார் செஞ்சாங்கன்னு வரலாற்று ஆசிரியர்களுக்குள்ள இன்னும் சண்டை ஓயலை. படத்தோட தெளிவா கிடைக்கிற பழைய விவரம் 1187-ஐ ஒட்டி, சுல்தான் சலாதீனுக்காக மர்தி இப்னு அலி அல்-தர்சூசி எழுதின ஆயுத நூல்ல இருக்கு. அதுல கல்லு நிரப்பின ஒரு வலைதான் எடை. எத்தனை தடவை விட்டாலும் அதே எடை, அதே உயரம், அதே வேகம். எடைக்குக் கை வலிக்காது, பயம் வராது, பக்கத்து ஆளைப் பார்த்து முந்திக்காது. சாஃப்ட்வேர்ல நாம தலையால தண்ணி குடிக்கிற ஒரு விஷயம் இது: ஒரே உள்ளீடு குடுத்தா ஒரே விடை வரணும். கோட்டைச் சுவரோட ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அடிக்க முடிஞ்சது இதனாலதான். ஒரு பெரிய கல்லைவிட, அதே இடத்துல விழற இருபதாவது கல்லுதான் சுவருக்கு ஆபத்து.

13-ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள இதுல வகை பிரிச்சுப் பேசற அளவுக்கு வந்துட்டாங்க. ரோமாபுரிக்காரரான எஜிடியோ கொலோன்னா 1280-ஐ ஒட்டி எழுதின அரசியல் நூல்ல நாலு வகை சொல்றார். எடையைக் கட்டையோட இறுக்கிப் பொருத்தினா குறி தப்பாது. கீல் வெச்சுத் தொங்கவிட்டா தூரம் ஜாஸ்தி. ரெண்டும் கலந்தது ஒண்ணு. பழைய ஆள் இழுக்கிற வகை ஒண்ணு. கீல் வெச்சா ஏன் தூரம் கூடுது? தொங்கற பெட்டி வட்டமா சுத்தாம, நேரா கீழ விழப் பார்க்கும். நல்லாச் சரிபண்ணின பொறியில, கல்லு கிளம்பற நொடியில பெட்டி கிட்டத்தட்ட அசையாம நிக்கும். அதாவது தன்கிட்ட இருந்ததை எல்லாம் கல்லுக்குக் குடுத்துட்டு நிக்குதுன்னு அர்த்தம். இதை வகுப்புல மொபைல்ல ஸ்லோமோஷன்ல எடுத்துக் காட்டினப்போ பசங்க மூணு தடவை திரும்பப் போடச் சொன்னாங்க.

இதையெல்லாம் எஜிடியோ எழுதினப்போ "ஆற்றல்"ங்கற கருத்தே இயற்பியல்ல கிடையாது. எறிபொருள் போற பாதை பரவளையம்னு கலிலியோ நூலா வெளியிட்டது 1638-ல. நிறை, வேகத்தோட வர்க்கம் இந்தக் கணக்கை லைப்னிட்ஸ் பேச ஆரம்பிச்சது 1686-ல. அதுக்குள்ள ட்ரெபுஷே வழக்கொழிஞ்சு பீரங்கி வந்து பல தலைமுறை ஆயிடுச்சு. பொறி முதல்ல வந்தது, அதை விளக்கற சூத்திரம் நிதானமா பின்னால வந்தது. நாங்க இன்ஜினியரிங் படிச்சப்போ இது தலைகீழா இருந்துச்சு. முதல்ல சூத்திரம், அப்புறம் அதுக்கு ஒரு உதாரணம், லேப்ல ஏற்கெனவே தெரிஞ்ச விடையைக் கொண்டுவரதுக்கு ஒரு ரீடிங்.

*

சூத்திரம் இல்லாத காலத்துல இந்த அறிவு எங்க இருந்தது? புத்தகத்துல ரொம்பக் கம்மி. 13-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் வில்லார் த ஒன்கூர் தன்னோட படக்குறிப்பேட்டுல ஒரு பெரிய ட்ரெபுஷேவோட தரைப்படம் வரைஞ்சிருக்கார். மண்ணு நிரப்பற பெட்டி 9 அடி அகலம், 12 அடி ஆழம்னு அளவு உட்பட. ஆனா நிமிர்ந்து நிக்கற பொறியோட படம் இருந்த பக்கம் தொலைஞ்சு போச்சு. அடிச்சட்டம் தெரியுது, அதுக்கு மேல என்ன பண்ணினாங்கன்னு தெரியலை.

உண்மையான அறிவு ஆட்கள் கையில இருந்தது. அதனால ராஜாக்களுக்கு அறிவு வேணும்னா ஆளையே வரவழைச்சாங்க. பெரிய உதாரணம் சியாங்யாங் முற்றுகை. தெற்குச் சீனாவுக்கு வாசல் மாதிரி இருந்த சியாங்யாங், ஃபான்செங்ங்கற இரட்டை நகரங்களை மங்கோலியர்கள் 1267-ல இருந்து சுத்தி வளைச்சாங்க. வருஷக்கணக்கா ஒண்ணும் நடக்கலை. குப்லாய் கான், பாரசீகத்தை ஆண்ட தன்னோட தம்பி மகன் அபாகாகிட்ட ஆள் கேட்டார். வந்தவங்க இஸ்மாயில், அலாவுதீன்ங்கற ரெண்டு பொறியாளர்கள். அவங்க கட்டின எடைப்பொறிகள் வேலையைத் தொடங்கி, 1273 ஆரம்பத்துல ஃபான்செங் விழுந்துச்சு. கொஞ்ச நாள்ல சியாங்யாங் தளபதி லூ வென்ஹுவான் சரணடைஞ்சார். ஆறு வருஷம் ஆகாதது சில வாரத்துல முடிஞ்சுது.

யோசிச்சுப் பாருங்க. கட்டையும் கவணும் சீனாவுல பிறந்து மேற்கே போச்சு. பல நூறு வருஷம் கழிச்சு எடைப்பெட்டி சேர்த்த புது வெர்ஷனா ரெண்டு ஆட்களோட கைவழியா திரும்பி வந்து சீனக் கோட்டையையே இடிச்சுது. (மார்கோ போலோ புத்தகத்துல இந்தப் பொறியைக் கட்டிக் குடுத்ததே நாங்கதான்னு வருது. மார்கோ போலோ குப்லாயோட அரண்மனைக்கு வந்து சேர்ந்ததே 1275 வாக்குல. அடுத்தவன் கோடுக்கு நம்ம பேரைப் போடறது அப்பவே இருந்திருக்கு :) )

பொறியைக் கொண்டுபோறதும் லேசுப்பட்ட காரியமில்லை. 1291-ல மம்லூக் சுல்தான் அல்-அஷ்ரஃப் கலீல் சிலுவைப்போர் வீரர்களோட கடைசிப் பெரிய நகரமான அக்காவை முற்றுகை போட்டப்போ, 'மன்சூரி'ங்கற ராட்சதப் பொறியைப் பிரிச்சு நூறு வண்டியில ஏத்தினாங்க. அதுல ஒரு வண்டிக்குப் பொறுப்பா இருந்தது அபுல் ஃபிதாங்கற பதினேழு பதினெட்டு வயசுப் பையன். குளிர்காலம், மழை, பனி. மாடுகள் செத்து விழுந்துச்சு. எட்டு நாள் பயணம் ஒரு மாசம் ஆச்சு. அந்தப் பையன் பிற்காலத்துல பெரிய வரலாற்று ஆசிரியராகி இதை எழுதினதாலதான் நமக்குத் தெரியுது. நிலாவுல ஒரு பள்ளத்துக்கு இன்னைக்கு அவரோட பேரு இருக்கு.

இங்க நிறுத்தி இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 1304, ஸ்காட்லாந்தோட ஸ்டர்லிங் கோட்டை. இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் ஏப்ரல்ல இருந்து முற்றுகை. வெளிய அஞ்சு தலைமைத் தச்சர்களும் ஐம்பது பேர் வாக்குல வேலையாட்களும் சேர்ந்து 'வார்வுல்ஃப்', அதாவது போர் ஓநாய்ங்கற பொறியைக் கட்டறாங்க. எடைக்கு ஈயம் பத்தலைன்னு தேவாலயக் கூரைகள்ல இருந்த ஈயத்தை உரிச்சாங்க. ராணியும் கூட இருந்த பெண்களும் உக்காந்து பார்க்க ஒரு ஜன்னலே புதுசா வெச்சாங்க. ஜூலையில உள்ள இருந்தவங்க சரணடையறோம்னு சொன்னாங்க. எட்வர்ட் ஒத்துக்கலை. ஓநாய் எப்படி அடிக்குதுன்னு பார்க்காம விடமாட்டேன்னுட்டார். சரணடைய வந்தவங்களை உள்ளயே இருக்கச் சொல்லிட்டு எறிஞ்சு பார்த்தாங்க.

டெமோ. நம்ம தொழில்ல தினமும் பண்ற வேலை. கிளையண்டுக்குக் காட்டறோம், ஸ்லைடு ஓடுது, கை தட்டறாங்க. ஸ்டர்லிங்ல நடந்ததும் டெமோதான். ஆனா சுவருக்குப் பின்னால ஆளுங்க இருந்தாங்க. இந்தக் கம்பியை எத்தனை டிகிரி வளைக்கணும்ங்கற அறிவு இப்படித்தான் சேர்ந்துச்சு. போன கல்லு எங்க விழுந்துச்சுன்னு பார்த்து அடுத்த கல்லைத் திருத்தணும், அந்தக் கல்லு விழுந்த இடம் யாரோ ஒருத்தரோட ஊரு.

*

கையில இருந்த அறிவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ரெண்டு தலைமுறை பயன்படுத்தாம விட்டா காணாமப் போயிடும். பீரங்கி நல்லா வந்ததும் ட்ரெபுஷே தச்சர்களுக்கு வேலை இல்லை. 1521-ல ஹெர்னான் கோர்டேஸ் அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானை முற்றுகை போட்டப்போ வெடிமருந்து குறைஞ்சு போச்சு. இத்தாலிப் போர்கள்ல வேலை பார்த்தவன்னு சொல்லிக்கிட்ட ஒரு சிப்பாய், நான் ட்ரெபுஷே கட்டித் தரேன்னான். கட்டினாங்க. முதல் கல்லு நேரா மேல போய், கிளம்பின இடத்துலயே வந்து விழுந்துச்சு. பெர்னால் டியாஸ் எழுதி வெச்சிருக்கார். ரெஸ்யூமேல எழுதறது வேற, கை பழகியிருக்கறது வேறன்னு நேர்காணல் எடுக்கற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. என் கணிப்பு, அந்தச் சிப்பாய் கோட்டைவிட்ட இடம் நம்ம கம்பிதான். வளையம் சீக்கிரமா நழுவினா கல்லு மேலதான் போகும், எங்க கிட்லயும் அப்படித்தான் போச்சு.

அடுத்தது 1850. பிரான்ஸ்ல லூயி நெப்போலியன் (பின்னால மூன்றாம் நெப்போலியன்) பீரங்கி வரலாறு எழுதறதுக்காக, கேப்டன் ஃபாவேயை விட்டு வின்சென்ல ஒரு ட்ரெபுஷே கட்ட வெச்சார். கலிலியோ, நியூட்டன், லைப்னிட்ஸ் எல்லாரோட கணக்கும் கைவசம். கட்டை 10 மீட்டருக்கு மேல நீளம், எடை நாலரை டன். 24 பவுண்டு குண்டு, அதாவது 12 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, 175 மீட்டர் போச்சு.

இதை 1989-ல டென்மார்க்கோட நைக்கோபிங் ஃபால்ஸ்டர்ல கட்டினதோட ஒப்பிட்டுப் பாருங்க. பீட்டர் வெம்மிங் ஹான்சனும் அவர் குழுவும் அங்க இருக்கிற இடைக்கால அருங்காட்சியகத்துக்காக ஒரு முழு அளவு பொறியைக் கட்டி, திரும்பத் திரும்ப எறிஞ்சு, திருத்தி, மறுபடி எறிஞ்சாங்க. எடை 2 டன்தான். 15 கிலோ உருண்டை 170, 180 மீட்டர் போச்சு. அதுவும் அவ்வளவு தூரத்துல ஆறு மீட்டர் சதுரத்துக்குள்ள தொடர்ந்து விழ வெச்சாங்க. பாதிக்கும் குறைவான எடை, அதிகக் கனமான குண்டு, ஏறத்தாழ அதே தூரம். ரெண்டு பேருக்கும் இயற்பியல் ஒண்ணுதான். ஒருத்தர் கட்டிப் பார்த்தார், இன்னொருத்தர் கை பழகற வரைக்கும் எறிஞ்சு பார்த்தார்.

1998-ல ஸ்காட்லாந்தோட லாக் நெஸ் ஏரிக்கரையில அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒண்ணுக்காக முழு அளவு பொறிகள் கட்டினப்போ இன்னொரு விஷயம் கவனிச்சாங்க. பொறிக்குச் சக்கரம் வெச்சா எறியும்போது முழுச் சட்டமும் முன்னும் பின்னும் ஓடும். அதனால பெட்டி இன்னும் நேரா விழுது, கல்லுக்குக் கூடுதலா ஆற்றல் போகுது. சக்கரம் இடம் மாத்த மட்டும்னுதான் யாரும் நினைப்போம். எங்க கிட்லயும் சக்கரம் உண்டு. அடியில ரப்பர் வெச்சு நிறுத்தி எறிஞ்சதுக்கும், ஓட விட்டதுக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் வித்தியாசம்.

அதனால அக்காகிட்ட ஒண்ணு சொன்னேன். வகுப்புல பொறியை ரெடியா வெச்சு ஒரு தடவை எறிஞ்சு காட்டிட்டு, போர்டுல சூத்திரம் எழுதினா, பசங்களுக்கு அது இன்னொரு உதாரணம். படம் போட்ட அந்தத் தாளை எடுத்து பையில வெச்சுக்குங்க. கம்பியை நேராக்கி அவங்க கையில குடுத்துடுங்க. கூரைக்குப் போகட்டும், காலடியில அறையட்டும். ஒரு நோட்டுல வளைவு, தூரம்னு ரெண்டு பத்தி போட்டு எழுதட்டும். பதினைஞ்சு இருபது எறிக்குள்ள அவங்களே அந்த இடத்தைப் பிடிச்சுடுவாங்க. அதுக்கப்புறம் சூத்திரத்தை எழுதுங்க. 40 மீட்டர் வரணுமே, ஏன் 16-ன்னு அப்பத்தான் கேள்வி உண்மையாவே வரும். கூடவே ஸ்டர்லிங் கதையையும் சொல்லிடுங்கன்னேன்.

அக்கா சிரிச்சாங்க. "ஒரு பீரியடுக்கு நாப்பது நிமிஷம்தான்டா தம்பி, போர்ஷன் யார் முடிக்கிறது?" நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்லை. ஆனா அடுத்த வாரம் நேரான கம்பியோடதான் வகுப்புக்குப் போனாங்க. ரெண்டு பீரியடு ஆச்சாம். கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு, கயிறோட நீளத்தை மாத்தினா கம்பியையும் மாத்தணுமான்னு கேட்டாளாம். மாத்தணும். எந்தத் தாள்லயும் இல்லாத கேள்வி அது.

உங்க வீட்டுல ஏற்றம் மிதிச்சவங்க, துலாவுல தண்ணி இறைச்சவங்க யாராவது இருந்தா ஒரு தடவை கேட்டுப் பாருங்க: அடிப்பக்கம் கட்டற கல்லு எவ்வளவு கனம் வேணும்னு எப்படி முடிவு பண்ணினீங்கன்னு. என்ன சொன்னாங்கன்னு பின்னூட்டத்துல போடுங்க மக்களே. அந்தக் கணக்கும் கையிலதான் இருக்கு, கேக்கறதுக்கு ஆள் இருக்கும்போதே எழுதி வெச்சுடலாம்.